இல்லை என்று சொல்ல என்ன தகுதி வேண்டும்?

2013ஆம் ஆண்டு ஜிசிசி 4.8.1 கம்பைலர் வெளியானபோது அதன் ஆக்கியோருக்குப் பெருமைப்பட நியாயம் இருந்தது. சி பிளஸ் பிளஸ் மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநிலை வகுத்த மொழிக்கூறுகள் அனைத்தும் அதில் சேர்ந்திருந்தன. கூடவே வந்த நூலகத்தில், எழுத்துத் தொடருக்குள் ஒரு வடிவத்தைத் தேடித் தரும் ‘ரெஜெக்ஸ்’ ஹெடர் ஃபைலும் இருந்தது. புரோகிராமர்கள் அதை நம்பித் தங்கள் நிரலில் சேர்த்தார்கள். கம்பைலர் மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. ஓடவிட்டுப் பார்த்தால், கண்ணெதிரே இருக்கிற சொல்லைத் தேடினாலும் ‘கிடைக்கவில்லை’ என்றே விடை வந்தது.

அந்த ஹெடர் ஃபைலைத் திறந்து பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே தெரிந்துவிட்டது. ‘ரெஜெக்ஸ் சர்ச்’ என்ற ஃபங்ஷனின் பெயர் இருந்தது, அதற்குத் தர வேண்டிய உள்ளீடுகளின் பட்டியல் முறையாக இருந்தது. அடைப்புக்குறிகளுக்குள் இருந்ததோ ஒரே வரி: ‘ரிட்டர்ன் ஃபால்ஸ்’. இதை இனிமேல்தான் எழுத வேண்டும் என்ற குறிப்பும் பக்கத்திலேயே இருந்தது. தேடும் வேலை நடக்கவே இல்லை. விடை மட்டும் வந்துகொண்டிருந்தது.

2014 ஏப்ரலில் வந்த ஜிசிசி 4.9இல் இது சரியாகிவிட்டது. ஆனால் அதே ஆண்டு வெளியான ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 7, தன் அடிப்படைக் கம்பைலராக 4.8 வரிசையையே எடுத்துக்கொண்டது. அதற்கான பராமரிப்பு 2024 ஜூன் வரை நீடித்தது. ஆக, தேடாமலே ‘இல்லை’ என்று சொல்லும் அந்த ஒரு வரி, பத்தாண்டுகள் பல சர்வர்களில் குடியிருந்தது.

தேடிப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்பது அறிவு. தேடாமல் ‘இல்லை’ என்பது அறிவாகாது. கேட்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. இந்திய மெய்யியலில் மிக நுட்பமாக வாதிடப்பட்ட கேள்விகளில் ஒன்று இது. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களை ஒவ்வொருவராகக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கும் காதையில், முதலில் பேசுகிற அளவைவாதி அறிவுக்கான வழிகளைப் பத்து என்று அடுக்குகிறான். காண்டல், கருதல் இவற்றோடு அபாவமும் அந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது. அதாவது ஒன்று இல்லை என்பதை அறிவது, தனியே எண்ணப்பட வேண்டிய ஓர் அறிவு.

7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரிலபட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் இதை வெகுதூரம் கொண்டுபோனார்கள். தரையில் குடம் இல்லை என்று எப்படித் தெரிகிறது? கண் தரையைத்தான் காண்கிறது, இல்லாத குடத்தைக் காண முடியாது. ஆகவே ‘காணாமை’யே ஓர் அளவை, அதாவது அறிவுக்கான வழி, என்றார்கள். அதற்கு அனுபலப்தி என்று பெயர். இல்லாமையைக் காட்சியிலேயே அறியலாம், தனி அளவை எதற்கு என்று நியாய மரபினர் மறுத்தார்கள். மீமாம்சையின் இன்னொரு கிளையான பிரபாகரர் வழியினரோ இல்லாமை என்று தனியாக ஒரு பொருளே கிடையாது என்றார்கள். நூற்றாண்டுக் கணக்கில் நடந்த இந்த வாதத்தில் நின்று நிலைத்த நிபந்தனை ஒன்று உண்டு. குடம் இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். வெளிச்சம் உள்ள அறையில் குடம் தென்படாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் தென்படாவிட்டால் அதிலிருந்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. இந்தத் தகுதியைத்தான் யோக்கியதை என்றார்கள்.

கம்ப்யூட்டர் நிரல்களைக் கட்டி எழுப்பும் வேலையில் இன்று தலைவலி தரும் சிக்கல்களில் ஒரு பெரும்பகுதி, இந்த யோக்கியதையைப் பாராமல் சொல்லப்பட்ட ‘இல்லை’களால் வந்தது.

ஒரு நிரல் ஒரே கம்ப்யூட்டருக்காக எழுதப்படுவதில்லை. டெபியனிலும் ஃபெடோராவிலும் மேக்கிலும் விண்டோஸிலும் அது கம்பைல் ஆக வேண்டும். ஒவ்வொன்றிலும் கம்பைலர் வேறு, அதன் பதிப்பு வேறு, உடன் வரும் நூலகம் வேறு. சி மொழிக்கு 1989, 1999, 2011, 2017, 2023 என்று தரநிலைகள் வந்திருக்கின்றன. சி பிளஸ் பிளஸ் மொழிக்கு 1998இல் முதல் ஐஎஸ்ஓ தரநிலை வந்தது. 2011 முதல் மூன்றாண்டுக்கு ஒன்று என்று ஒழுங்காக வருகிறது. எந்தக் கம்பைலர் எதில் எவ்வளவை ஏற்கிறது என்று நிரலைக் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டாக வேண்டும். கேட்க இரண்டு வழிகள் உண்டு: கம்பைலர் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்புவது, அல்லது சிறு நிரல் ஒன்றைக் கொடுத்துச் சோதிப்பது.

கம்பைலரின் வாக்குமூலத்தை முதலில் பார்க்கலாம். தான் எந்தத் தரநிலையில் இயங்குகிறது என்பதை ‘சிபிளஸ்பிளஸ்’ என்ற மேக்ரோவின் மதிப்பால் கம்பைலர் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 1998 தரநிலைக்கு 199711. அது குழு ஒப்புதல் தந்த ஆண்டும் மாதமும். 2011 தரநிலைக்கு 201103. ஜிசிசியோ பல ஆண்டுகளாக அந்த இடத்தில் வெறும் 1 என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2001இல் பதிவான அந்தப் பிழை, 2012இல் வந்த 4.7 பதிப்பில்தான் திருத்தப்பட்டது. சரியான எண்ணைச் சொன்னால் சோலாரிஸ் இயங்குதளத்தின் ஹெடர் ஃபைல்கள் உடைந்துபோகும் என்பது தயக்கத்துக்கு ஒரு காரணமாக இருந்தது.

மைக்ரோசாஃப்டின் கம்பைலர் இன்றும் அப்படித்தான். 2017, 2020 தரநிலைகளை ஏற்று நடந்துகொண்டே, ‘நான் 199711’ என்று சொல்கிறது. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கென ஒரு ஃபிளாக்கைத் தனியே கொடுக்க வேண்டும். அந்த வசதியும் விஷுவல் ஸ்டுடியோ 2017இன் 15.7 பதிப்பில்தான் வந்தது. பழைய எண்ணை நம்பி எழுதப்பட்ட நிரல்கள் உலகில் ஏராளம் என்பது நிறுவனம் சொல்லும் காரணம். கிளாங் கம்பைலரோ தன்னை ஜிசிசி 4.2 என்று அறிவித்துக்கொள்ளும். ஜிசிசிக்காக எழுதப்பட்ட நிரல்கள் தன்னிடமும் கம்பைல் ஆக வேண்டும் என்பதற்காகப் போட்ட வேடம் அது. கிளாங் எத்தனையோ பதிப்புகள் வளர்ந்த பிறகும் அந்த எண் மாறவில்லை.

இந்த மூன்று சாட்சிகளுமே தங்களைக் குறைத்துத்தான் சொல்கிறார்கள், கூட்டிச் சொல்லவில்லை. இருப்பதை ‘இல்லை’ என்பதே இவர்கள் தவறு. நியாய பாஷ்யத்தில் வாத்ஸ்யாயனர் நம்பத்தக்கவருக்கு வகுக்கும் இலக்கணம் இங்கே பொருந்திப் பார்க்கத்தக்கது. பொருளை நேரே அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே பிறருக்குச் சொல்ல வேண்டும் என்ற விருப்பமும் இருக்க வேண்டும். கம்பைலர்களுக்கு முதல் தகுதியில் குறையில்லை. தன்னால் என்ன முடியும் என்பதைத் தன்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? இரண்டாவதில்தான் சறுக்குகின்றன. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்ற நல்லெண்ணம், உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்ற கடமைக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறது. பொய்க்குக் கெட்ட நோக்கம் தேவையில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

எண்ணைப் பார்த்து ஏமாறுகிற நூலகம் என்ன செய்யும்? ‘இந்தக் கம்பைலருக்கு 2011இன் வசதிகள் தெரியாது’ என்று முடிவு கட்டி, பழைய வழியில் தன்னைக் கட்டிக்கொள்ளும். பிழைச் செய்தி எதுவும் வராது. இதுதான் கவனிக்க வேண்டிய இடம். பொய்யான ‘உண்டு’ வெகுநேரம் தப்ப முடியாது. அடுத்த வரியிலோ அடுத்த ஃபைலிலோ கம்பைலர் கத்திவிடும். பொய்யான ‘இல்லை’ அப்படி மாட்டிக்கொள்வதில்லை. நிரல் கட்டி முடிக்கப்படும், ஓடும், இருந்திருக்க வேண்டியதைவிட ஒரு படி குறைந்ததாக ஓடும். எந்தப் பயனாளரும் அதை ஒரு குறையாக எழுதி அனுப்பப்போவதில்லை, ஏனென்றால் தனக்குக் கிடைக்காமல் போனது என்னவென்று அவருக்குத் தெரியாது.

சொல்லை நம்ப முடியாதென்றால் சோதனைதான் வழி. 1991இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் இந்தப் பக்கம் நின்றது. அது பதிப்பு எண்களைப் பெரிதாக மதிப்பதில்லை. ஒவ்வொரு வசதிக்கும் ஒரு சிறு நிரலை எழுதிக் கம்பைலரிடம் கொடுக்கும். கம்பைல் ஆனால் ‘யெஸ்’, ஆகாவிட்டால் ‘நோ’. லினக்ஸில் மூலநிரலிலிருந்து எதையாவது கட்டியவர்கள் திரையில் அடுக்கடுக்காக ஓடும் அந்த வரிகளைப் பார்த்திருப்பார்கள். வாத்ஸ்யாயனர் தம் நூலைத் தொடங்கும்போதே, ஓர் அறிவு சரியானது என்பது அதை நம்பிச் செய்த செயல் பயன் தருவதால் உறுதியாகும் என்கிறார். மீமாம்சகர்கள் இதற்கு எதிர். அறிவு தோன்றும்போதே நம்பத்தக்கதாகத்தான் தோன்றுகிறது, மறுக்கும் காரணம் வந்தால் மட்டுமே விலக்க வேண்டும் என்பது அவர்கள் நிலை. பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிற பில்ட் ஃபைல் மீமாம்சையின் பக்கம், ஆட்டோகான்ஃப் நியாயத்தின் பக்கம் என்று சொன்னால் அது வெறும் ஒப்புமை ஆகாது. இரு தரப்பும் எதிர்கொண்ட கேள்வி ஒன்றேதான்.

செயல் பயன் தருகிறதா என்று பார்க்கச் செயலைச் செய்தாக வேண்டும் அல்லவா? செய்ய முடியாத இடமும் உண்டு. லேப்டாப்பில் உட்கார்ந்து ரவுட்டருக்கோ ஆர்ம் சிப்பில் ஓடும் சிறு கருவிக்கோ நிரல் கட்டுகிறார்கள். கட்டிய நிரல் லேப்டாப்பில் ஓடாது. இதற்குக் கிராஸ் கம்பைலிங் என்று பெயர். ‘மேலாக்’ என்ற ஃபங்ஷனிடம் பூஜ்ய அளவு நினைவகம் கேட்டால் அது வெற்று முகவரி தராமல் இருக்கிறதா என்று ஆட்டோகான்ஃபில் ஒரு சோதனை உண்டு. ஓட்டிப் பார்த்தால்தான் விடை தெரியும். ஓட்ட வழியில்லாதபோது பழைய பதிப்புகள் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று ‘இல்லை’ என எழுதிவிட்டன. எழுதியதோடு நில்லாமல், நிரல் முழுவதும் மேலாக் என்ற பெயரை ‘ஆர்பிஎல் மேலாக்’ என்று மாற்றியும் விட்டன. அந்தப் பெயரில் ஒரு மாற்று ஃபங்ஷனை எழுதிவைக்காத திட்டங்கள் லிங்க் ஆகும் கட்டத்தில் உடைந்தன. கிராஸ் கம்பைலிங் செய்தவர்களில் பலருக்கு இந்தப் பிழைச் செய்தி மனப்பாடம். நல்லவேளையாக இந்த ‘இல்லை’ சத்தம் போட்டு உடைந்தது.

சத்தமில்லாமல் போனவற்றின் கதைதான் கனமானது.

சி மொழியின் 1989 தரநிலைப்படி, முன்னால் அறிவிக்காத ஃபங்ஷனையும் அழைக்கலாம். அது ஒரு முழு எண்ணைத் தரும் என்று கம்பைலர் தானாகவே எண்ணிக்கொள்ளும். 1999 தரநிலை இந்தச் சலுகையை நீக்கிவிட்டது. ஆனால் நடைமுறையில் கம்பைலர்கள் எச்சரிக்கை செய்துவிட்டு அனுமதித்துக்கொண்டே இருந்தன. 2023 மார்ச்சில் கிளாங் 16 அதைப் பிழையாக்கியது. 2024 மே மாதம் ஜிசிசி 14 அதே வழியில் வந்தது. தரநிலை சொன்னதைக் கம்பைலர்கள் நடைமுறைக்குக் கொண்டுவர ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

மாற்றம் தேவையானதுதான். அறிவிக்காத ஃபங்ஷன் 64 பிட் முகவரியைத் தரும்போது, முழு எண் என்று எண்ணிக்கொண்ட கம்பைலர் அதில் பாதியை வெட்டிவிடும். உண்மையான பிழைகள் அப்படி நுழைந்திருக்கின்றன. ஆனால் இந்த மாற்றம் சோதனை நிரல்களின் மேல் விழுந்ததை எண்ணிப் பாருங்கள். தொண்ணூறுகளில் எழுதிய ஒரு சோதனையை அருகில் வைத்துப் பார்க்கலாம். ‘எஸ்என்பிரிண்ட்எஃப் என்ற ஃபங்ஷன் சரியாக வேலை செய்கிறதா’ என்பது கேள்வி. சோதனை நிரல் நான்கைந்து வரிதான். ‘மெயின்’ என்ற பெயருக்கு முன்னால் அது எந்த வகை மதிப்பைத் தரும் என்று குறிக்கவில்லை. உள்ளே ஓர் எழுத்து அணி, எஸ்என்பிரிண்ட்எஃபை அழைக்கும் ஒரு வரி, விடை சரியென்றால் ‘எக்ஸிட் 0’, தவறென்றால் ‘எக்ஸிட் 1’. எக்ஸிட் எந்த ஹெடர் ஃபைலில் இருக்கிறதோ அதைச் சேர்க்க, எழுதியவர் மறந்துவிட்டார். முப்பதாண்டுகளாக அது ஒரு குறையாகவே யாருக்கும் படவில்லை.

இப்போது புதிய கம்பைலர் அதைப் படிக்கிறது. ‘எக்ஸிட்’ என்று ஒன்றை நீங்கள் அறிவிக்கவே இல்லையே என்று நின்றுவிடுகிறது. எஸ்என்பிரிண்ட்எஃபை ஓட்டிப் பார்க்கும் கட்டம் வரை போகவே இல்லை. ஆட்டோகான்ஃபுக்கோ தெரிந்தது ஒன்றுதான்: கம்பைல் ஆகவில்லை. திரையில் ‘நோ’ என்று எழுதுகிறது. பிழைச் செய்தி ‘கான்ஃபிக் லாக்’ என்ற ஃபைலில் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே புதைந்துபோகிறது. பில்ட் தொடர்கிறது, வெற்றியோடு முடிகிறது. கண்முன் இருக்கும் ஃபங்ஷனை விட்டுவிட்டு, அந்த நிரல் தன் கைவசமுள்ள பழைய மாற்று ஒன்றைப் பயன்படுத்திக்கொள்கிறது. குமாரிலர் வழியினர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை இந்தச் சோதனையிடம் யாரும் கேட்கவில்லை: அந்த ஃபங்ஷன் இருந்திருந்தால் உனக்குத் தெரிந்திருக்குமா?

சோதனை என்றால் நேரடிக் காட்சி, ஆகவே நம்பலாம் என்ற எண்ணம் இங்கே உடைகிறது. சோதனையும் ஒரு நிரல்தான். அதுவும் ஒரு தரநிலையின் கீழ், ஒரு காலத்தின் வழக்கப்படி எழுதப்பட்டது. அளவையை எந்த அளவையால் அளப்பது என்று பௌத்த மெய்யியலாளர் நாகார்ஜுனர் நியாயவாதிகளை மடக்கியது இந்த இடத்தில்தான். இதற்கு முடிவான விடை தத்துவத்திலேயே கிடைத்ததா என்பது வேறு விஷயம். நடைமுறையில் ஒரு விடை உண்டு. ‘கம்பைல் ஆகவில்லை’ என்பதோடு நிற்காமல், எந்தக் காரணத்தால் ஆகவில்லை என்றும் கேட்க வேண்டும். தேடியது இல்லாததால் ஆகவில்லையா, தேடவே முடியாததால் ஆகவில்லையா? இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாத எந்தக் கருவியும் பாதிக் கருவிதான்.

இந்தக் குற்றச்சாட்டு பழைய கருவிகளோடு முடிவதில்லை. நிரல் கட்ட இன்று பரவலாகப் புழங்கும் சிமேக் என்ற கருவியில், எந்தத் தரநிலை வேண்டும் என்று குறிப்பிடும் அமைப்பு 2014 டிசம்பரில் வந்த 3.1 பதிப்பில் சேர்ந்தது. சி பிளஸ் பிளஸின் 2020 தரநிலையைக் குறிக்க, 20 வேண்டும் என்று எழுதலாம். கம்பைலருக்கு 17தான் தெரியும் என்றால்? சிமேக் நிறுத்தாது, ஒரு படி இறங்கி 17இல் கட்டத் தொடங்கும். நிறுத்த வேண்டுமென்றால், ‘கட்டாயம்’ என்று இன்னொரு அமைப்பைத் தனியாக இயக்கிவைக்க வேண்டும். முதல் வரியை எழுதியவர்களில் எத்தனை பேர் இரண்டாவதை மறந்திருப்பார்கள்! கேட்டதைக் கொடுக்க முடியவில்லை என்று சொல்வதை ஒரு விருப்பத் தேர்வாக வைத்தது தவறான முடிவு. இருபது கேட்டவரிடம் பதினேழைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பது உதவி ஆகாது.

தரநிலை நூலே சில நேரம் உலகில் இல்லாததை ‘உண்டு’ என்று எழுதியிருக்கிறது. 1998 சி பிளஸ் பிளஸ் தரநிலையில் டெம்பிளேட்டுகளுக்கான ‘எக்ஸ்போர்ட்’ என்ற வசதி இருந்தது. பெரும்பாலான கம்பைலர்கள் அதைத் தொடவே இல்லை. ஈடிஜி என்ற சிறு நிறுவனம் மட்டும் அரும்பாடுபட்டு அதைக் கட்டி முடித்தது. அந்த அனுபவத்தை வைத்தே இது வேண்டாம் என்ற வாதம் 2003இல் குழுவின் முன் வந்தது. 2011 தரநிலையில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். எழுதப்பட்ட நூல் நடைமுறையின் முன்னால் பணிந்த அரிதான தருணம் அது. மறைநூலுக்கும் தரநிலைக்கும் உள்ள தூரம் இங்கே தெரிகிறது. தரநிலைக்குத் தன் பிழையை ஒப்புக்கொள்ளும் வழி அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

2025இல் வந்த ஜிசிசி 15, எந்தத் தரநிலை என்று சொல்லாத சி நிரல்களை 2023 தரநிலைப்படி படிக்கத் தொடங்கியிருக்கிறது. முன்பு வெற்று அடைப்புக்குறி ‘உள்ளீடுகள் எவையென்று சொல்லவில்லை’ என்று பொருள்பட்டது. இப்போது அதற்கு ‘உள்ளீடே கிடையாது’ என்று பொருள். சொல்லாமை இல்லாமையாக மாறியிருக்கிறது. ‘பூல்’ என்பது இப்போது மொழியின் சொந்தச் சொல் என்பதால், அதைத் தாங்களே வகுத்துக்கொண்ட பழைய நிரல்கள் கம்பைல் ஆகவில்லை. பராமரிப்பவர்கள் பில்ட் ஃபைலில் ‘இது 2017 தரநிலைப்படி எழுதப்பட்டது’ என்று ஒரு ஃபிளாக்கைச் சேர்த்து அவற்றை மீட்கிறார்கள். பத்து இருபது ஆண்டுகளாகச் சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது சொல்ல நேர்ந்திருக்கிறது.

மௌனமாகப் போன ‘இல்லை’களைக் கண்டுபிடிக்கும் பொறுமையான வேலையையும் சிலர் செய்துகொண்டிருக்கிறார்கள். ஜென்டூ லினக்ஸில் ஒரு பொதியைக் கட்டி முடித்ததும், அதன் கான்ஃபிக் லாக் ஃபைலை ஒரு கருவி வாசிக்கிறது. அறிவிக்கப்படாமல் அழைக்கப்பட்ட ஃபங்ஷன்கள் என்று எவற்றையெல்லாம் கம்பைலர் சொல்லியிருக்கிறதோ, அவற்றைப் பட்டியலிட்டுக் கட்டியவர் முன் வைக்கிறது. அந்தப் பட்டியலில் ‘எக்ஸிட்’ இருந்தால், இல்லாதது எக்ஸிட் அல்ல, கெட்டுப்போனது சோதனை. ‘எஸ்டிஆர்எல்சிபிஒய்’ இருந்தால் கதை வேறு. ஜிலிப்சி நூலகத்தில் 2023இல் வந்த 2.38 பதிப்புக்கு முன்னால் அந்த ஃபங்ஷன் உண்மையிலேயே கிடையாது. ஆகவே பொதிகளைப் பராமரிப்பவர்கள் ஒவ்வொரு பெயரையும் பார்த்து, இது மெய்யாகவே இந்த அமைப்பில் இல்லாதது என்று உறுதிசெய்த பிறகு, இனி எச்சரிக்க வேண்டாம் என்ற பட்டியலில் அதைச் சேர்க்கிறார்கள். லினக்ஸில் இல்லாத, பிற யூனிக்ஸ் அமைப்புகளுக்கே உரிய ஃபங்ஷன்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. புதிய நூலகப் பதிப்பு வரும்போது, அந்தப் பட்டியலில் உள்ள ‘இல்லை’களில் எவை இன்னும் செல்லும் என்று மறுபடியும் பார்க்க வேண்டியிருக்கிறது.